சொதி வைக்காத கல்யாணம்

தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் குற்றாலிங்கம் சமைக்கிற கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்ல வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் இன்னொரு கரண்டி கேட்பதற்காகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதரின் பெயருக்கு நேரே, ஆனி மாதத்து ஒரு காலையில், ஒற்றை நட்சத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் பார்த்தது அவர் மனைவி கோமு. செல்போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தாள். அவர் அங்கே வாழைத்தண்டு நறுக்குகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க. மெய்க்கூற்றுல ஒரு அம்மா உங்களப் பத்தி என்னமோ எழுதியிருக்கா. ஒத்த நட்சத்திரம்தான் போட்டிருக்கா."

மெய்க்கூற்று என்பது முடிதிருத்தகம் முதல் முழங்கால் ஆஸ்பத்திரி வரை ஊர் ஜனங்கள் நட்சத்திரம் போடுகிற செயலி. அதில் உலகம்மாள் என்ற பெயரில் இப்படி இருந்தது:

"வைகாசி முகூர்த்தத்தில் இவர் சமைத்த கல்யாணத்தில் சாப்பிட்டோம். சொதி ஊசிப்போயிருந்தது. ஒரு வாய் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒதுக்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் சொதிப் பிரியர், விடாமல் சாப்பிட்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் வீடு திரும்பவில்லை."

அடியில் பச்சை முத்திரை.

குற்றாலிங்கத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுச் செய்கிற சொதியை அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்துக்குத்தான் வைப்பார்கள். கல்யாணத்தன்றைக்குச் சாம்பார். புதுப்பணக்காரர்கள் சிலர் இரண்டையும் ஒரே இலையில் கலக்குவதுண்டு என்றாலும், குற்றாலிங்கம் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. கெஞ்சினாலும் வைக்க மாட்டார்.

"வைக்காத சொதி எப்படிட்டி ஊசிப்போவும்?" என்றார்.

ஆனால் ஆவணி முகூர்த்தக்காரர் ஒருவர் அன்று மாலையே போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்தடுத்து மற்றவர்களும் சொன்னார்கள். கல்யாண வீட்டில் சாவு வாடை அடிக்கிற சமையல்காரனை யார் கூப்பிடுவார்கள்? கொட்டகையில் அண்டாக்கள் கவிழ்த்தபடி கிடந்தன. அவரை நம்பியிருந்த பரிமாறுகிற ஆட்கள் ஒவ்வொருவராகச் சுரண்டைக்கும் கடையநல்லூருக்கும் நழுவினார்கள். குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு போய்விட்டது. அழாத குறையாக வக்கீல் ஜெசிந்தாவின் அலுவலகப் படியேறினார்.

"வீடியோ இருக்கும்மா," என்றார் உட்காரும் முன்பே. "பந்தியில லைட்டப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு இலையா எடுத்திருக்கான் வீடியோக்காரன். ஒரு இலையில சொதி இருக்கான்னு பாருங்க. அந்தம்மா யாருன்னு பொண்ணு வீட்டுல அடையாளம் காட்டினாவ. அந்தம்மாவும் அவுக வீட்டுக்காரரும் மேடையில ஏறி பரிசு குடுத்துட்டு போட்டோவுக்கு நிக்காவ. பந்தியிலயே இல்ல. சாப்பிடாமலே போயிட்டாவ."

"வீடியோவ இப்ப எந்தக் கோர்ட்டும் சீண்டாது அண்ணாச்சி. நான் நெனச்சா அதே பந்தியில நீங்க யானைக்கறி பரிமாறுத மாதிரி ஒரு நிமிஷத்துல பண்ணிரலாம். அதனாலதான இந்த முத்திரையே வந்துச்சு. நெத்தியில பட்டையக் கட்டிக்கிட்டு நடந்தத சொல்லணும். சொந்த ஞாபகத்துல இருந்து சொன்னா பச்சை. இட்டுக்கட்டிச் சொன்னா சிவப்பு. மெய்க்கூற்றுல பச்சை விழுந்தாத்தான் ஏத்துவாங்க."

"அப்ப அந்தம்மா பொய் சொல்லுதாவன்னு கேஸ் போடுங்க."

"பொய் சொல்லலையே. பச்சை விழுந்திருக்கு."

"அப்ப நான் பொய் சொல்லுதனா?"

"உங்களுக்கும் பச்சைதான் விழும்."

குற்றாலிங்கம் சுவரில் மாட்டியிருந்த ஏசுநாதரைப் பார்த்தார். அவரிடமிருந்தும் உதவி வருகிற மாதிரித் தெரியவில்லை.

"அதெப்படிம்மா? சொதி ஒண்ணு இலையில இருந்திருக்கணும், இல்ல இருந்திருக்கப்படாது."

"பட்டை மனுசன் மனசத்தான் பாக்கும். இலையப் பாக்காது," என்றாள் ஜெசிந்தா. "முன்னல்லாம் ஒருத்தர் அவதூறா எழுதுனா நோட்டீஸ் விடலாம், நஷ்டஈடு கேக்கலாம், செயலிக்காரன எடுக்கச் சொல்லலாம். இப்பவும் அதெல்லாம் இருக்கு. ஆனா பொய்யின்னு தெரிஞ்சே எழுதினாத்தான் செல்லும். மனசார நம்பி எழுதுன ஆளத் தொட முடியாது. நீங்க வேணா அடியில ஒரு பதில் எழுதலாம்."

"எழுதிட்டேன். அதுக்குக் கீழ நாப்பது பேரு என்னைக் கொலகாரன்னு திட்டியிருக்கான்."

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தாள். பிறகு, அவ்வளவாக விருப்பமில்லாத குரலில் சொன்னாள்: "இன்னொரு பரிகாரம் இருக்கு. நினைவு நீக்க ஆணை. ஒரே சம்பவத்தப் பத்தி நெறைய பேரோட முத்திரை ஒரு பக்கமும், ஒருத்தரோட முத்திரை எதிர்ப்பக்கமும் இருந்தா, அந்த ஒத்த ஞாபகத்த 'சிறுபான்மை நினைவு'ன்னு கோர்ட்டு சொல்லலாம். சொல்லிட்டா ஆஸ்பத்திரியில வச்சு அத எடுத்துருவாங்க. ஞாபகம் போனா முத்திரை போயிரும். முத்திரை போனா எழுதுனதும் போயிரும்."

"அப்ப எடுத்துர வேண்டியதுதான?" என்றார் குற்றாலிங்கம். ஊசிப்போனதைக் கொட்டிவிட்டு அண்டாவைக் கழுவுகிற காரியம் என்றுதான் அவர் நினைத்தார்.

சாட்சி திரட்டுவதில்தான் தலை சுற்றியது. அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்களை இ-சேவை மையத்துக்கு வரவழைத்துப் பட்டையைக் கட்டினார்கள். முதலில் வந்தவர் பெண்ணின் பெரியப்பா. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"குத்தாலிங்கம் சமையலுக்கு என்னவே கொற? அதுலயும் அந்த சொதி இருக்கே, தேவாமிர்தம்!"

பச்சை எரிந்தது.

குற்றாலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஏ பெரியய்யா, நான் எங்க சொதி வச்சேன்? நீரு மறுநாள் மறுவீட்டுல சாப்பிட்டீரு. அது வேற தவசுப்பிள்ளை வச்சது!"

"இல்லவே, நீரு வச்சதுதான். ரெண்டாந்தரம் ஊத்தினீரே."

அதுவும் பச்சை. அடுத்து வந்த அத்தைக்காரி சாம்பாரும் இல்லை, சொதியும் இல்லை, புளிக்குழம்பு என்றாள். பச்சை. ஒருவர் தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் கட்டியிருந்த வாட்சைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். இலையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நன்றாக இருந்த சாம்பாரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ஊர் வாயில் நல்ல பெயர் எடுக்க வாழ்நாளெல்லாம் பாடுபட்ட மனிதருக்கு, தன்னைப் புகழ்கிறவர்களே தன் கழுத்தில் சுருக்கு மாட்டுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கோமுவிடம் கேட்டார்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. அன்னைக்கு நான் சொதி வைக்கலைல்லா?"

"என்கிட்ட கேக்கீங்களே. நான் அன்னைக்கு எங்கம்மா வீட்டுலல்லா இருந்தேன்."

கடைசியில் அவரைக் காப்பாற்றியது அவர் மறக்க நினைத்த ஓர் அவமானம். மாப்பிள்ளையின் வெளியூர்ச் சித்தப்பா ஒருவர் பந்தியில் எழுந்து நின்று, "தென்காசிக்காரன் கல்யாணத்துல சொதி இல்லாம வெறும் சாம்பாரா?" என்று இலையை மூடிவிட்டு ரகளை செய்திருந்தார். சமாதானப்படுத்த அரைமணி ஆயிற்று. அந்தச் சண்டையை ஜெசிந்தா நினைவூட்டவே வேண்டியிருக்கவில்லை. சாம்பாரை மறந்தவர்கள் சண்டையை மறக்கவில்லை. பெரியப்பாகூட, "ஆமா, சொதி இல்லன்னு அந்த ஆளு குதிச்சானே" என்று சொல்லிப் பச்சை வாங்கினார். சொதி தேவாமிர்தம் என்று முன்பு வாங்கிய பச்சையும் அப்படியே இருந்தது. ஒரே தலைக்குள் இரண்டும் எப்படிக் குடியிருக்கின்றன என்று கேட்கக் குற்றாலிங்கத்துக்குத் தெம்பில்லை. எண்ணிக்கை அவர் பக்கம் சாய்ந்துவிட்டது, அது போதும்.

ஐப்பசியில் விசாரணை. உலகம்மாளை அவர் அன்றுதான் நேரில் பார்த்தார். பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண், ஒடிசலான உடம்பு. சண்டைக்காரியை எதிர்பார்த்துப் போனவருக்கு அது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜெசிந்தா எழுந்து, அன்று ஒரே நாளில் அம்மாவும் அவர் கணவரும் மூன்று விசேஷங்களுக்குப் போனதை எடுத்துச் சொன்னாள். இரண்டு கல்யாணம், முந்தின நாள் கல்யாணம் முடிந்திருந்த வேறொரு வீட்டின் மறுவீடு ஒன்று. பெரிய முகூர்த்த நாளில் இந்த ஊரில் யாரும் செய்கிறதுதான். ஒரு மண்டபத்தில் தலையைக் காட்டி, ஒன்றில் மொய் எழுதி, இன்னொன்றில் கை நனைப்பார்கள். சொதி சாப்பிட்டது அந்த மறுவீட்டில். அது உறவுக்காரர்களே கூடிச் சமைத்த விருந்து. ஞாபகத்தில் பந்தி இடம் மாறிவிட்டது.

"இல்லைங்க ஐயா," என்றாள் உலகம்மாள். "நான் பொய் சொல்லல."

"நீங்க பொய் சொன்னதா யாருமே சொல்லலம்மா," என்றார் நீதிபதி. அவருக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. "உங்க கணவர் இருதயக் கோளாறுலதான் காலமானார்னு டாக்டர்கள் சொல்றாங்க. சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"இருக்கட்டும் ஐயா. அண்ணாச்சி வைக்கலன்னு சொன்னா வைக்கல. எழுதுனத நானே அழிச்சிருதேன்."

அழிக்க முடியாது என்றார் மெய்க்கூற்று நிறுவனத்தின் வக்கீல். மிரட்டி அழிக்க வைக்கிறார்கள் என்ற புகார்களுக்குப் பிறகு, முத்திரை விழுந்ததை எழுதியவரே தொட முடியாது என்று சட்டம் வந்துவிட்டதாம். ஞாபகம் இருக்கும்வரை முத்திரையும் இருக்கும்.

அப்போதுதான் உலகம்மாளின் குரல் உடைந்தது.

"அப்ப சொதிய மட்டும் எடுத்துக்கிடுங்க ஐயா. அவுக பக்கத்துல உக்காந்திருந்தாவ. அவுகளை விட்டுருங்க. அதுக்கப்புறம் நாங்க சேர்ந்து உக்காந்து சாப்பிடவே இல்ல."

நீதிபதி, நினைவு நீக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த டாக்டரைப் பார்த்தார். சொதியை மட்டும் தனியாக உருவ முடியாது, அந்தப் பொழுது முழுக்கச் சேர்ந்துதான் வரும், அதை ஒட்டி எழுதினது, இந்தக் கேஸ் எல்லாமும் கூடவே போய்விடும் என்றார் அவர்.

குற்றாலிங்கம் ஜெசிந்தாவின் பக்கம் சாய்ந்தார். "இத நீங்க எங்கிட்ட சொல்லலையேம்மா."

"நீங்க கேக்கலையே அண்ணாச்சி. இப்ப வாபஸ் வாங்கணும்னா வாங்கலாம். சொல்லுங்க."

அவர் கவிழ்த்த அண்டாக்களை நினைத்தார். கொலைகாரன் என்று எழுதிய முகம் தெரியாதவர்களை நினைத்தார்.  அவர் நினைத்து முடிப்பதற்குள் ஆணை பிறப்பிக்கப்பட்டுவிட்டது. ஜெயித்த மனிதர் அன்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

தை பிறந்ததும் கொட்டகையில் மறுபடி அடுப்பு மூண்டது. ஒற்றை நட்சத்திரம் போன இடம் தெரியவில்லை. போன ஆட்கள் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பிவந்து தேங்காய் துருவினார்கள். அப்படி ஒரு மத்தியான வேளையில் வாசலில் உலகம்மாள் நின்றாள். குற்றாலிங்கம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, என்னைத் தெரியுதா? தெரியும்னு சொன்னாவ. எனக்குத்தான் உங்களத் தெரியல."

உட்காரச் சொன்னார். கோமு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகம் கொடுக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

"எனக்கும் உங்களுக்கும் என்னமோ கேஸாம். எனக்குக் கோவமெல்லாம் இல்ல, எதுக்குக் கோவப்படணும்னே தெரியலையே," என்று சிரிக்கப் பார்த்தாள் அவள். "காலையில பட்டுச்சேலை கட்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி வராண்டா. நடுவுல ஒண்ணுமே இல்ல. ஆஸ்பத்திரியில கேட்டேன். எடுத்த பொழுது உங்க பந்தி சம்பந்தப்பட்டதுன்னு மட்டும் சொன்னாவ. அதான் வந்தேன். நீங்கதான அவுகளுக்குக் கடைசியாச் சோறு போட்டது? அவுக எப்படி இருந்தாவ அண்ணாச்சி?"

எந்த ஒரு ஞாபகத்தை அழிக்க இவ்வளவு பாடுபட்டாரோ, அதை அழித்த கையோடு சட்டம் அவள் தலையில் மறுபடி எழுதி அனுப்பியிருந்தது. 'நீங்க எங்க பந்தியில உக்காரவே இல்லம்மா' என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் இந்த அம்மாள் அடுத்து எந்த வாசலுக்குப் போய் நிற்பாள்? அந்த மறுவீட்டுக்காரர்களைக் கேட்டால், வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள் என்பதற்கு மேல் யாருக்கு என்ன தெரியப்போகிறது? 

"நல்லா இருந்தாவம்மா," என்றார்.

"சாப்பிட்டாவளா?"

"நல்லாச் சாப்பிட்டாவ."

"சொதி வச்சிருந்தீயளா?" அவள் முகம் அப்படியே விரிந்தது. "அவுகளுக்குச் சொதின்னா உசிரு. எனக்கு ஒழுங்கா வைக்க வராது, திட்டிக்கிட்டே சாப்பிடுவாவ."

கோர்ட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு, சொதி வைக்கவில்லை என்று சத்தியம் செய்து பச்சை வாங்கிய மனிதர் குற்றாலிங்கம். அவர் மோர்ச் செம்பைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"வச்சிருந்தேம்மா. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாவ."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் மேலும் சொன்னார். இஞ்சிப் பச்சடி போதவில்லை என்று ஆளைக் கூப்பிட்டதையும், பக்கத்து இலையிலிருந்த அவளுக்கு அப்பளத்தைத் தள்ளியதையும் சொன்னார். அடுத்த மாதமும் அவள் வந்தாள். அதற்கடுத்த மாதமும் வந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டாள். கட்டிய வேட்டியின் கரை என்ன நிறம் என்றுகூடக் கேட்டாள். இவருக்கும் சொல்லச் சொல்லத் தடங்கல் இல்லாமல் வந்தது. போகப்போக, அவள் வருகிற நாளை இவரே எதிர்பார்க்க ஆரம்பித்தார்.

சித்திரையில் ஜெசிந்தாவிடமிருந்து போன். உடனே வரச் சொன்னாள். போனபோது மேசை மேல் நெற்றிப்பட்டை தயாராக இருந்தது.

"மெய்க்கூற்றப் பாத்தீங்களா அண்ணாச்சி? அஞ்சு நட்சத்திரம். உலகம்மாள். 'என் வீட்டுக்காரர் கடைசியாக உண்டது இவர் கைச் சொதி. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அந்தத் திருப்தியோடு போனார்.' பச்சை முத்திரையோட ஏறியிருக்கு."

"அவுக ஞாபகத்தத்தான் எடுத்தாச்சே. எப்படிம்மா பச்சை விழும்?"

"நீங்க மாசாமாசம் சொல்லச் சொல்ல அவங்களுக்குள்ள பந்தி விரிஞ்சிருச்சு. இப்ப அது அவங்க சொந்த ஞாபகம்." ஜெசிந்தா தலையைப் பிடித்துக்கொண்டாள். "பாராட்டுனாலும் பொய்ப் பாராட்டு, அது வேற. இப்ப கோர்ட்டு உங்களக் கேக்குது. சொதி வைக்கலன்னு சொல்லி ஆணை வாங்கினீங்க. வச்சதா ஊர் முழுக்கப் பேச்சு. பொய்ச்சாட்சி சொன்னீங்கன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும், நீங்க உள்ள போகணும். ஒரே வழிதான். பட்டையக் கட்டிக்கிட்டு, சொதி வைக்கல, அவங்க என் பந்தியில சாப்பிடலன்னு சொல்லுங்க. பச்சை விழுந்ததும் நான் மனு போட்டுருதேன்."

"மனு போட்டா?"

"மறுபடியும் எடுப்பாங்க. இந்தத் தடவ நீங்க சொன்னதையும் சேர்த்து."

குற்றாலிங்கம் பட்டையைக் கையில் வாங்கினார். ஜெயிலுக்குப் போகும் வயதில்லை. கொட்டகையில் இப்போதுதான் எல்லாரும் திரும்பி வந்திருக்கிறார்கள். நெற்றியில் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"அன்னைக்கு நான் சொதி வைக்கல," என்றார்.

சிவப்பு எரிந்தது.

ஜெசிந்தா பட்டையைச் சரிசெய்தாள். "பதறாம சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் சொதி வைக்கல. சாம்பார்தான்."

மறுபடியும் சிவப்பு.  குற்றாலிங்கம் அந்தச் சாம்பாரை மனசுக்குள் தேடினார். சித்தப்பாவின் சண்டையைத் தேடினார், சத்தம் மட்டும் எங்கேயோ கேட்டது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். பச்சைக்கரை வேட்டி. மனைவியின் இலைக்கு அப்பளத்தைத் தள்ளிவிட்டு, நிமிர்ந்து இவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"அண்ணாச்சி, கடைசியா ஒருதடவ. உங்களுக்கு நெசமா என்னதான் ஞாபகம் இருக்கு? அதச் சொல்லுங்க."

"அவுக வயிறாரச் சாப்பிட்டாவம்மா," என்றார் குற்றாலிங்கம். "நான்தான் ஊத்தினேன்."

பச்சை எரிந்தது.